93 சதவீதம் உடல்மொழினு சொல்றாங்களே, கவுண்டர்ல நின்னவங்க யாராச்சும் நம்புறீங்களா?

செப்டம்பர் 11

பேச்சுல வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பாம், குரலுக்கு 38, உடம்புக்கு 55. எங்க கடைக்கு ட்ரெய்னிங் குடுக்க வந்தவரும் இதத்தான் சொன்னாரு, தங்கச்சி பையன் காலேஜ்ல பிளேஸ்மென்ட் கிளாஸ்லயும் இதேதான் ஓடுது, வாட்ஸ்அப்ல குட்மார்னிங் படத்தோட சேந்து வருது. சேலை செக்சன்ல வருசக்கணக்கா நின்னவ நான், இப்ப அதே ஃப்ளோர்ல சூப்பர்வைசர். ஆளப் பாத்து எடை போடுறதுதான் எங்க பொழப்பே, எனக்கே இந்தக் கணக்கு ஏற மாட்டேங்குது. வார்த்தைக்கு வெறும் 7னா, "மெரூன்ல காட்டுங்க, பெரிய பார்டர் வேண்டாம், எட்டாயிரத்துக்குள்ள இருக்கட்டும்"ங்கறத நான் எந்தப் புருவத்தப் பாத்து தெரிஞ்சுக்கறது? யாராச்சும் நிஜமா நம்புறீங்களா, இல்ல எல்லாரும் கேட்டு கேட்டு பழகிட்டோமா?

செப்டம்பர் 11, ராத்திரி

சரி, தேடிப் படிச்சேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், 1967ல ரெண்டு ஆய்வு. ஒண்ணுல "மேபி"ங்கற ஒத்த வார்த்தைய புடிச்ச மாதிரி, புடிக்காத மாதிரி, ரெண்டும் இல்லாம, வேற வேற குரல்ல பேசி ரெக்கார்ட் பண்ணி, கூட மொகத்தோட போட்டோவக் காட்டி, இந்த ஆளுக்கு எதிர்ல இருக்கறவங்கள புடிச்சிருக்கா இல்லையானு கேட்டிருக்காங்க. ரெண்டு ஆய்வு முடிவையும் ஒண்ணாச் சேத்ததுல வந்ததுதான் இந்த 7-38-55. உணர்ச்சி, விருப்பு வெறுப்பு பத்தி பேசும்போது மட்டும்தான் இது பொருந்தும், மத்த பேச்சுக்கு இல்லனு அவரே சொல்லிருக்காரு. அத மட்டும் கத்தரிச்சுட்டு மிச்சத்த அம்பது வருசமா வித்துட்டு இருக்காங்க. ஒத்த வார்த்தைய வெச்சு பண்ண சோதனையில வார்த்தைக்கு மார்க் கம்மினா அதுல என்ன அதிசயம்?

செப்டம்பர் 12

"கை கட்டி நின்னா எதிராளி மனசக் கதவு சாத்திட்டான்னு அர்த்தம், இதுவும் தப்பா?"னு கேட்டவருக்கு.

நீங்க எந்த ஊர் பள்ளிக்கூடத்துல படிச்சீங்கன்னு தெரியல. நாங்க படிச்சதுல "கையக் கட்டு, வாயப் பொத்து"தான். கை கட்டுனா மரியாதை, அடக்கம். வாத்தியார் முன்னாடி கைய தொங்கப் போட்டு நின்னா திமிரு. வேலைக்காரங்க ஐயா முன்னாடி கை கட்டி நிப்பாங்க, ஐயா கட்ட மாட்டாரு. இப்ப அதே பொண்ணு படிச்சு முடிச்சு கடைக்கு வந்து கை கட்டி நின்னா, ட்ரெய்னர் பிபிடியில (பவர்பாயின்ட் ஸ்லைடுல) "டிஃபென்சிவ்"னு, அதாவது தற்காப்புல நிக்கறானு, செவப்புல போட்டு காட்றாரு. எங்க ஃப்ளோர்ல கை கட்டி நிக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏசி வாய்க்கு நேர் கீழதான் காட்டன் சேலை கவுண்டர்.

செப்டம்பர் 15

அப்ப எதப் பாத்துதான் கஸ்டமரப் படிக்கிறீங்கன்னு மூணு நாலு பேர் கேட்டாச்சு. கையத்தான் பாப்போம். மொகம் ரெண்டாவது. மொகத்துல மரியாதைக்காக எவ்வளவோ காட்டுவாங்க, நல்லாருக்கு நல்லாருக்குனு தலையாட்டுவாங்க, ஆனா கை அந்தச் சேலை மேல இருந்து எப்பவோ எடுத்தாச்சு. புடிச்ச சேலைனா முந்தி ஓரத்த கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு தேய் தேய்ப்பாங்க, அப்புறம் உள்பக்கம் திருப்பி சரிகை நூல் எப்படி ஓடுது, பிசிறு இருக்கானு பாப்பாங்க. சும்மா பாக்க வந்தவங்க உள்பக்கம் திருப்ப மாட்டாங்க. நாங்க அதுக்கப்புறமும் பத்து பிரிச்சுப் போடுவோம், அவங்களும் பொறுமையா பாப்பாங்க, ஆனா மொதல்ல பாத்ததுல ஒண்ணு மட்டும் மெல்ல நகந்து அவங்க முழங்கைக்கு அடியில போயிருக்கும். அவங்களே கவனிச்சிருக்க மாட்டாங்க. பில் ஆகப் போறது அதுதான், மிச்சமெல்லாம் மனசு ஆறுறதுக்கு.

தோள்ல போட்டு கண்ணாடி முன்னாடி நிக்கறப்போ கண்ணு கண்ணாடியில இருக்காது, கூட வந்தவங்க மேல இருக்கும். அம்மா கூட வந்திருந்தா "எப்படிம்மா"னு வாய விட்டே கேட்ருவாங்க. மாமியாருன்னா பார்வை மட்டும் போகும், திரும்பி வரும், சேலை தோள விட்டு எறங்கும், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசிருக்க மாட்டாங்க ரெண்டு பேரும். விலைச் சீட்டு பாக்குறது தனிக் கலை. மடிப்பு சரி பண்ற மாதிரி துணிய ஒதுக்கி, விரல் நுனியில சீட்டத் திருப்பி, அரை நொடி. அந்த அரை நொடியில நாங்க பின்னாடி திரும்பி அடுத்த கட்ட எடுக்கணும். அவங்க சீட்டப் பாக்குறத நாம பாத்தோம்னு தெரிஞ்சா கூச்சப்பட்டு கெளம்பிருவாங்க. இத பிபிடியில யாரும் போடல. பக்கத்துல நின்ன சீனியர் அக்கா என் கால அவங்க காலால தட்டி சொல்லிக் குடுத்தது.

ஆனா ஒண்ணு. இதெல்லாம் மனசப் படிக்கிறதுனு நான் சொல்ல மாட்டேன். சேலை வாங்க வந்திருக்காங்கனு எனக்கு முன்னாடியே தெரியும். எது, எத்தன ரூபாய்க்குள்ள, முடிவெடுக்கறது யாரு, இந்த மூணுதான் பாக்கி. அந்த மூணுக்குத்தான் கை பதில் சொல்லுது. அதே அம்மாவ எங்க கோயமுத்தூர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்ட்ல பாத்தா எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

செப்டம்பர் 15

இன்னொண்ணு விட்டுப்போச்சு. வீட்டுக்காரர் ஸ்டூல்ல உக்காந்து போன் நோண்டிட்டு இருப்பாரு. போன பாக்கெட்ல வெச்சாருன்னா விலை அவர் காதுக்குப் போயிருச்சுனு அர்த்தம்.

செப்டம்பர் 18

"உடம்பால மட்டும் பேசி வியாபாரம் முடியுமா"னு கேட்டிருக்கீங்க. முடியும், பேசாமதான் நடக்கணும்னே ஒரு எடம் இருக்கு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தை, செவ்வாய்க்கெழமையும் வியாழக்கெழமையும். சின்னதுல என்ற அப்பா கூட போயிருக்கேன். தரகர் வந்து அப்பா கைய புடிப்பாரு, ரெண்டு கைக்கும் மேல ஒரு துண்டு. துண்டுக்குள்ள விரலப் புடிச்சு விலை கேக்குறது, எத்தன விரல், முழு விரலா பாதியானு அதுல கணக்கு. ஒரு விரல்னா ஆயிரமா பத்தாயிரமானு யாரும் கேக்க மாட்டாங்க, மாட்டப் பாத்தாலே தெரியும்ல. அப்பா விரல மடக்குவாரு, தரகர் பிரிப்பாரு, துண்டு லேசா ஏறி எறங்கும். பக்கத்துல இருபது பேர் நிப்பாங்க, ஒருத்தருக்கும் விலை தெரியாது. அதுக்குத்தான் துண்டு. நம்ம மாடு இவ்வளவுக்குத்தான் போச்சுனு அடுத்த ஆளுக்குத் தெரிஞ்சா அந்த மாட்டோட மார்க்கெட்டே போச்சு.

இதுல எனக்குப் புடிச்சது மொகம். விரல் அவ்வளவு பேசும், மொகத்துல ஒண்ணும் இருக்காது, அப்பா எங்கயோ தென்னமரத்தப் பாத்துட்டு நிப்பாரு. அந்த ட்ரெய்னர் அங்க வந்து அப்பா மொகத்தப் படிச்சு விலை சொல்லட்டும் பாப்போம்.

செப்டம்பர் 19

மணப்பாறைப் பக்கத்துக்காரர் ஒருத்தர், "எங்க சந்தையில விரல் கணக்கு வேற"னு திருத்திருக்காரு. இருக்கும். சந்தைக்குச் சந்தை மாறும், வெளியாளுக்குப் புரியக்கூடாதுங்கறதுதானே அதோட வேலையே. என்ற தம்பிகிட்ட கேட்டேன், அவனுக்கு அந்த விரல் கணக்கு முழுசாத் தெரியல, இப்ப செல்போன் கால்குலேட்டர்ல அடிச்சு துண்டுக்குள்ள காட்றவங்களும் இருக்காங்கன்றான். துண்ட விடல பாருங்க.

யாரும் இதுக்குனு ஒரு குறள எடுத்துட்டு வராதீங்க, ரெண்டு பேர் ஏற்கனவே போட்டாச்சு.

செப்டம்பர் 24

தலையாட்டுறது பத்தி. எங்க கடைக்கு வடநாட்டுக்காரங்களும் வருவாங்க, சாய்பாபா காலனிப் பக்கமிருந்து வெளிநாட்டுக்காரங்க எப்பவாச்சும். எங்க பொண்ணுங்க தலைய தோள் பக்கம் சாய்ச்சு சாய்ச்சு ஆட்டுவாங்க, "சரிங்க, எடுத்துத் தர்றேன்"னு அர்த்தம். வெள்ளக்காரம்மா அத இல்லனு எடுத்துட்டு பாவம் கெளம்பப் பாத்துச்சு. பல்கேரியாவுல மேல கீழ ஆட்டுனா இல்லனு அர்த்தமாம், அங்க போனா நம்ம கதி என்னவோ.

அதவிட சிக்கல் நம்ம உச்சுக் கொட்டுறது. நாக்க பல்லுக்குப் பின்னாடி ஒட்டி ஒரு "ச்". சாப்டியானு கேட்டா "ச்", இல்லங்கறதுக்கு. பையன் ஃபெயிலாயிட்டான்னா "ச்ச்ச்", பாவம்ங்கறதுக்கு. நூலு அறுந்துருச்சுன்னா "ச்சே"க்கு முன்னாடி ஒரு "ச்", எரிச்சலுக்கு. மூணும் வேற வேறனு நமக்கு ஒரு நொடி சந்தேகம் வர்றதில்ல, எப்படி? சத்தத்துல இல்ல, அதுக்கு முன்னாடி என்ன பேச்சு ஓடுச்சுங்கறதுலதான் இருக்கு. நான் 15ந்தேதி சொன்னதேதான் திரும்பவும் வருது.

அக்டோபர் 3

"பொய் சொல்றவன் கண்ணப் பாத்து பேச மாட்டான், நான் பாத்த உடனே கண்டுபுடிச்சிருவேன்"னு எழுதினவருக்கு, கோவப்படாம படிங்க.

2006ல சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோனு ரெண்டு பேர் அதுவரைக்கும் வந்த இருநூறுக்கு மேல ஆய்வுகள ஒண்ணாக் கூட்டிப் பாத்தாங்க, பொய் எது நெசம் எதுனு ஆளப் பாத்து சொன்னவங்க இருபத்திநாலாயிரம் பேருக்கு மேல. சரியாச் சொன்னது 54 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். அமெரிக்காவுல ஏர்போர்ட்ல ஆளுங்க நடை பாவனையப் பாத்து சந்தேகப்படுறவங்களப் புடிக்க 2007ல இருந்து ஒரு திட்டம், சுமார் 90 கோடி டாலர் செலவு, 2013ல அவங்க அரசாங்க தணிக்கை அமைப்பே இது வேலை செய்யுதுங்கறதுக்கு ஆதாரம் பத்தல, காசக் கொறைங்கனு எழுதிருச்சு.

எங்க கடைக் கதை. கிராமத்துப் பெரியம்மா ஒருத்தர், மஞ்சப்பைய ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுட்டு, அங்கயும் இங்கயும் திரும்பிப் பாத்துட்டு, எஸ்கலேட்டர் பக்கம் வர்றதும் போறதுமா இருந்தாங்க. செக்யூரிட்டி பின்னாலயே சுத்துறான், கேமரா ரூம்ல இருந்து எனக்கு போன். நான் போய், என்னங்கம்மா வேணும்னு கேட்டேன். "இதுல எப்படி கண்ணு கால வெக்கறது"ன்னாங்க. மொதத் தடவ எஸ்கலேட்டர். பையில பேத்தி கல்யாணத்துக்குச் சேத்த காசு, அதனாலதான் அந்த அணைப்பு. கையப் புடிச்சு ஏத்திக் கூட்டிட்டுப் போனேன், கூறைச் சேலையே எங்ககிட்டதான் எடுத்தாங்க.

அதே நாள் நல்லா சிரிச்சுப் பேசி, கண்ணப் பாத்து, "மேடம் உங்க கலெக்‌ஷன் சூப்பர்"னு சொன்ன ஆளு ரெண்டு டிசைனர் சேலைய பையில போட்டுட்டுப் போயிருந்தான். கேமராவுல ராத்திரி பாத்தோம். எவ்வளவு இயல்பா இருந்தான் தெரியுமா.

சந்தேகம்னு நாம நெனக்கறதுல பாதி, அந்த எடம் அவங்களுக்குப் புதுசுங்கறதுதான். பழகின எடத்துல நிக்கறவன் உடம்பு தளர்வா இருக்கும், அவன் திருடனா இருந்தாலும்.

அக்டோபர் 4

சைகை மொழியும் உடல்மொழில ஒண்ணுதானேனு கேட்டவருக்கு, இல்லங்க. இந்திய சைகை மொழி முழு மொழி, இலக்கணம் உண்டு, புருவம் தூக்கறது தலை சாய்க்கறது எல்லாம் அந்த இலக்கணத்துல சேத்தி. 2015ல டெல்லில அதுக்குனு மத்திய அரசு ஒரு ஆராய்ச்சி பயிற்சி மையம் ஆரம்பிச்சாங்க, 2021ல வந்த அகராதிப் பதிப்புல பத்தாயிரம் சொல்லு. எங்க கவுண்டருக்கு காது கேக்காத தம்பதி ஒருத்தங்க வருவாங்க, அவங்களுக்குள்ள பேசிக்கறது அவ்வளவு வேகமா ஓடும், நான் ஆட்டுற கையெல்லாம் அவங்களுக்கு மழலை மாதிரி இருக்கும்போல, அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே பேப்பர்ல எழுதிக் காட்டிரும்.

அக்டோபர் 13

சீசன், எழுத நேரமில்ல. எட்வர்ட் ஹால்னு ஒருத்தர் 1966ல மனுசங்களுக்கு நடுவுல இருக்கற தூரத்த அளந்து, 45 சென்டிமீட்டருக்குள்ள நெருங்குன சொந்தம் மட்டும்தான் வரலாம்னு எழுதினாராம். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒப்பணக்கார வீதிக்கு வாங்க சார், ஊரே சொந்தம்.

அக்டோபர் 22, ராத்திரி ரொம்ப நேரம்

காலு வலி தூக்கம் வரல, எழுதிடறேன்.

ட்ரெய்னர் சொன்னதுல எனக்கு ரொம்ப உறுத்துனது சதவீதம் இல்ல. "கஸ்டமர் முன்னாடி உக்காந்திருந்தா அது அலட்சியம், நின்னா அது மரியாதை, இதுதான் பாடி லாங்குவேஜ்"ன்னாரு. பத்து மணி நேரம் நிக்கற பொண்ணுகிட்ட. நிக்கறது எங்க உடம்பு பேசறது இல்ல, எங்க உடம்ப வெச்சு கடை பேசறது. சிரிப்பும் அப்படித்தான். கொரோனா சமயத்துல மாஸ்க் போட்டப்போ எங்க பொண்ணுங்க பாதிப் பேருக்கு ஒரு நிம்மதி, வாய் சிரிக்க வேண்டாம்ல, கண்ண மட்டும் சுருக்குனா போதும். ஹாக்ஸ்சைல்ட்னு ஒரு சமூகவியல் அம்மா விமானப் பணிப்பெண்கள் கூடப் பேசி 1983லயே இத எழுதிட்டாங்க, சிரிக்கறதும் கூலி வேலைதான்னு.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடைப் பொண்ணுங்க "பெண்கூட்டு"னு சங்கம் வெச்சு உக்கார எடம் கேட்டு வருசக்கணக்கா போராடுனாங்க, கேரளாவுல 2018ல சட்டம் வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டுல 2021ல கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ பிரிவுனு ஒண்ணு புதுசா சேத்து, எல்லா ஊழியருக்கும் உக்கார வசதி குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. நான் அப்ப இருந்த கடையில ஸ்டூல் வந்துச்சு. கவுண்டருக்கு அடியில. உக்காந்தா கேமராவுல தெரியுதுன்னு போன் வரும்.

இத்தன நாள் எழுதுனதுல இப்பத்தான் ஒண்ணு தெளிவாத் தெரியுது. உடல்மொழியப் படிக்கறதுனு எல்லாரும் ஏதோ திறமை மாதிரி பேசுறோம். யாரு யாரப் படிக்கறாங்கனு பாருங்க. நான் கஸ்டமர் கையப் படிக்கறேன், கஸ்டமர் என் காலு வீங்கினதப் பாக்கறதில்ல. மருமக மாமியார் கண்ணப் படிக்கறா. டிரைவர் ஓனர் மூடப் படிக்கறான். கீழ இருக்கறவங்களுக்கு இது வித்தையில்ல, படிக்கலைன்னா சோறு இல்ல.

அக்டோபர் 23

"எல்லாத்துலயும் மேல கீழனு பாக்காதீங்க, மரியாதைங்கறது நம்ம பண்பாடு"னு ஒரு ஐயா எழுதிருக்காரு. துண்டக் கேளுங்க சொல்லும். தோள்ல போட்ட துண்ட இன்னார் முன்னாடி எடுத்து இடுப்புல கட்டணும், இல்ல கக்கத்துல வெக்கணும்னு எங்க பக்கத்துலயே இருந்துச்சு, தாத்தா தலைமுறை வரைக்கும் கண்ணால பாத்தவங்க இருக்காங்க. தெற்குத் திருவிதாங்கூர்ல, இப்ப கன்னியாகுமரி மாவட்டம், மேல்சாதிக்காரங்க முன்னாடி மார்ப மறைக்காம நிக்கறதுதான் மரியாதைனு பொம்பளைங்கள நிக்க வெச்சாங்க. தோள்சீலைக்காக நாடார் பெண்கள் எத்தனையோ வருசம் அடிபட்டு, 1859 ஜூலை 26ந்தேதி மகாராஜா உத்தரவு வந்துச்சு, மறைச்சுக்கலாம்னு. அதுலயும் மேல்சாதிப் பெண்கள் மாதிரியே உடுத்தக்கூடாதுனு ஒரு கண்டிசன். இதையும் உடல்மொழினு கணக்குல சேக்கணும்ல ஐயா. துணி விக்கறவளுக்கு இது மறக்குமா?

மரியாதையே வேண்டாம்னு நான் சொல்லல. பெரியவங்க கையில பணம் குடுத்தா நானும் வலது கையாலதான் வாங்குவேன், மடிச்சுக் கட்டின வேட்டிய பெரியவங்களப் பாத்ததும் எறக்கி விடுற பசங்களப் பாத்தா எனக்கு இன்னும் புடிக்கும். ஏன் புடிக்குதுனு கேட்டா... யோசிச்சு சொல்றேன்.

நவம்பர் 9

யோசிச்சேன், வேட்டி விசயத்துக்கு பதில் கெடைக்கல. அவன் விருப்பப்பட்டு எறக்குறான், எறக்கலைன்னா யாரும் அடிக்கப் போறதில்லங்கறதாலனு தம்பி சொல்றான். இருக்கலாம். ஆனா அடிக்காட்டியும் "யாரு வீட்டுப் பையன் அது"னு கேப்பாங்கல்ல.

தங்கச்சி பையன் இன்டர்வியூக்கு முன்னாடி பாத்ரூம்ல இடுப்புல கை வெச்சு ரெண்டு நிமிசம் நிக்கச் சொல்லி கிளாஸ்ல சொன்னாங்களாம், தைரியம் வரும்னு. 2010ல வந்த ஆய்வு அது, ஹார்மோனே மாறும்னு சொன்னாங்க. 2015ல இருநூறு பேர வெச்சு திரும்பப் பண்ணப்போ ஹார்மோன் மாறவே இல்ல, 2016ல மொத ஆய்வ எழுதின மூணு பேர்ல ஒருத்தரான டேனா கார்னியே எனக்கு இதுல நம்பிக்க இல்லனு வெளிப்படையா சொல்லிட்டாங்க. நின்னா நஷ்டமில்லடா, பாத்ரூம்ல வேற யாராச்சும் வந்தா மட்டும் பாத்துக்கனு சொன்னேன். கேள்விக்கு பதில் படிச்சுட்டுப் போடானும் சொன்னேன்.

நவம்பர் 10

இன்பாக்ஸ்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, பொதுவாவே சொல்லிடறேன். ஆமா, ஸ்டூல் தரலைன்னா லேபர் இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல புகார் குடுக்கலாம், சட்டத்துல எடம் இருக்கு. ஒத்தையா போகாதீங்க, நாலஞ்சு பேராப் போங்க, எழுத்துல குடுத்து ரசீது வாங்கிக்கங்க. ஸ்டூல் இருந்தும் உக்கார விடலைன்னா அதையும் எழுதுங்க. பெரிய கடைங்கறதால பயந்து நிக்காதீங்க. புது ஸ்டூல் எங்க வெக்கறாங்கனு மட்டும் பாத்துட்டே இருங்க, ட்ரையல் ரூம் பக்கத்துல வெச்சுட்டு கணக்கு காட்டுவாங்க.